வரப்புக்குப் போன தங்கை

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கும் பேச்சு இருந்தது. பெரிய பேச்சு என்று சொல்ல முடியாது. மழை வருமா, வெள்ளாடு வருமா என்ற இரண்டைத் தாண்டி அவை அதிகம் பேசியதில்லை. மனிதர்களுக்கும் அது காதில் விழும். வேலை கிடந்ததால் யாரும் நின்று கேட்கவில்லை.

கரிசல் காட்டில் பெருமாள்சாமி என்பவருக்குப் பருத்தி நிலம் இருந்தது. அதன் மேற்கு ஓரத்தில், ஐந்தாறு மாட்டைக் கட்டலாம் என்கிற அகலத்தில், ஒரு துண்டு கடுகுக்கு என்று ஒதுக்கியிருந்தார். விற்க அல்ல, வீட்டுச் சமையலுக்கு. அவர் மனைவி சீனியம்மாளுக்குச் சந்தைக் கடுகு ஆகாது. "எவன் கைக் கடுகோ, எந்த மண்ணுக் கடுகோ" என்பார்.

அந்தத் துண்டில் விதைத்தது கடுகு மட்டும்தான். முளைத்தவர்கள் இரண்டு பேர்.

அக்கா கடுகு. அவளை ஒட்டியே முளைத்தவள் தங்கை. அவளுக்குப் பெயர் கிடையாது. யாரும் கூப்பிட வேண்டி வந்ததில்லை. துண்டு முழுக்க அக்காவுக்கும் தங்கைக்கும் செடி செடியாகப் பல உடம்பு இருந்தது. ஆனால் வேருக்கு வேர் மனசு ஒன்றுதான். ஒரு செடி பேசினால் அவள் பேசியதாக அர்த்தம்.

இருவருக்கும் ஒரே உயரம். ஒரே அகன்ற இலை. மஞ்சளில் நான்கு இதழ், எதிரும் புதிருமாக. பூவுக்குள் ஆறு இழை. நான்கு நெட்டை, இரண்டு குட்டை. காயும் ஒன்று போலவே ஒல்லியாக நீண்டு இருக்கும். காய்க்குள்ளே வழவழப்பான உருண்டை விதை. கண்ணால் பார்த்துப் பிரிக்க வழியே இல்லை. வித்தியாசம் உள்ளே இருந்தது. அக்காவின் விதையில் காரம் இருந்தது. தங்கையின் விதையில் அந்தக் காரம் இல்லை.

காரம் இல்லாததால் அவளை யாரும் விதைப்பதில்லை. விதைக்காமல் வருவதற்குக் களை என்று பெயர். கார்த்திகையில் களையெடுக்க வரும் மாடத்தி, கடுகின் முகம் இல்லாத எதையும் விட்டுவைக்க மாட்டாள். கோரை போகும், அருகம்புல் போகும். தங்கையின் தலைக்கு மேல் கை வரும். முகத்தைப் பார்க்கும். "நம்ம கடுகு" என்று விலகிப் போகும். ஒவ்வொரு முறையும் தங்கைக்கு வேர் வரைக்கும் நடுங்கி அடங்கும்.

"போயிட்டா" என்பாள் அக்கா. "நான் இருக்கிற வரைக்கும் உனக்கு ஒண்ணும் வராது. என் முகம்தானே உனக்கும்."

வரப்பில் நின்ற நல்வேளைச் செடிக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். அவள் தூரத்துச் சொந்தம். வெள்ளைப் பூ, அதிலிருந்து மீசை போல நீளமாய் இழைகள். யாருடனும் அவளைக் குழப்பிக்கொள்ள முடியாது. அதனால் வாயும் கொஞ்சம் நீளம்.

"ஏளா, உன் முகம் எங்கேன்னு என்னைக்காவது தேடியிருக்கியா?" என்பாள் தங்கையிடம். "எவ மூஞ்சியையோ ஒட்டவச்சுக்கிட்டு நிக்கிறே."

"நீ வரப்புல நிக்கிறே. உன்னை யாரு கேக்கப் போறா?" என்று அக்காதான் பதில் சொல்வாள்.

"அதான் சொல்லுதேன். வரப்புல யாரும் கேக்க மாட்டாக" என்பாள் நல்வேளை.

மாடத்தியோடு ஒரு நாயும் வரும். செவலை என்று பெயர். நிறம் அதுதான், வேறு காரணம் இல்லை. ஒரு மழைக்காலத்தில் யாரோ எறிந்த கல் அதன் விலாவில் பட்டு, புண் வைத்து, நாற்றம் எடுத்தது. பருத்திச் செடிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. கடுகுகூட, "கொஞ்சம் காத்துக்கு அந்தப் பக்கமாப் படுக்கக் கூடாதா?" என்றாள். தங்கைதான் இலையை விரித்து நிழல் கொடுத்தாள். நான்கு நாள் அவள் நிழலில் கிடந்தது செவலை. ஈ மொய்க்கும்போது அவள் இலையை ஆட்டி விரட்டினாள். புண் ஆறிய பிறகும் நாற்றம் போகவில்லை. அது அவள் நிழலைத்தான் தேடிப் படுத்தது.

ஒரு வருஷம் பெருமாள்சாமியின் மகள் வடிவு மசக்கையோடு தாய் வீட்டுக்கு வந்தாள். சோற்றைக் கண்டால் குமட்டல். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அம்மா கைப்பட்ட மாங்காய் ஊறுகாய்.

சீனியம்மாள் சித்திரையிலேயே மாங்காய் வெட்டி, சொந்தக் கடுகை வறுத்து இடித்துப் போட்டு, ஜாடியின் வாயை வெள்ளைத் துணியால் கட்டி வைத்திருந்தார். ஆனியில் மகள் முன்னால் உட்கார்ந்து துணியை அவிழ்த்தார். ஜாடி முழுக்கப் பூசணம், பஞ்சு போல.

அந்த வீட்டு ஊறுகாய் அதுவரை கெட்டதில்லை. வடிவு வெறும் மோர்ச் சோற்றை இரண்டு வாய் அள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள். அதுதான் பெருமாள்சாமிக்குத் தாங்கவில்லை.

உப்பு சரியாக இருந்தது. எண்ணெய் சரியாக இருந்தது. ஜாடி வெயிலில் காய்ந்த ஜாடி. பாக்கி கடுகின் காரம்தான், ஊறுகாயைக் கெடாமல் காப்பது. மிச்சமிருந்த கடுகைச் சீனியம்மாள் ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்தார். மூன்று காரமாக இருந்தால் நான்காவது மண் போல இருந்தது. வருஷா வருஷம் சிந்திய விதையில் தங்கை அந்த அளவுக்குப் பெருகியிருந்தாள்.

"கடுகுல என்னமோ கலந்திருக்கு" என்றார். "கடுகு மாதிரியே இருக்கிற ஒண்ணு."

அடுத்த விதைப்பு வந்தது. பொறுக்கி எடுத்த விதையைத்தான் போட்டார்கள். ஆனால் பழைய விதை மண்ணில் சிந்திக் கிடந்தது. தங்கை மறுபடியும் வந்துவிட்டாள். மார்கழியில் துண்டு முழுக்கப் பூவும் காயுமாக நின்றபோது, சீனியம்மாள் நேரில் வந்து காயை உடைத்து வாயில் போட்டுப் பார்த்தார். காரம். காரம். மண். காரம். மண்.

பெருமாள்சாமி மாடத்தியைக் கூப்பிட்டார்.

"களையெடுத்தது யாரு?"

"நாந்தான் மொதலாளி."

"நாளைக்கு உச்சிக்குள்ள அதை வேற, இதை வேறயாப் பிரிச்சிரு. இல்லேன்னா மொத்தத்துலயும் ஏரை எறக்கி மடக்கி உழுதுட்டு, பயறு வெதைச்சிருவேன். கடுகே வேண்டாம் இந்த மண்ணுல."

"எது எதுன்னு எப்பிடி மொதலாளி பாக்கிறது? எல்லாம் ஒரே அச்சா இருக்கே. காயைக் கடிச்சுத்தான் பாக்கணும்னா, கடிச்சு முடிக்கையில விதைக்கு ஒண்ணும் இருக்காது."

"களையெடுக்கிறவ நீதானே? எனக்கா தெரியும்?"

அவர் போய்விட்டார். அவர் சொன்னால் செய்கிறவர். மாடத்தி துண்டின் நடுவில் குத்தவைத்து உட்கார்ந்தாள். இந்தக் கையோடு எத்தனை வருஷம் களையெடுத்திருக்கிறாள். முகம் பார்த்தே எடுத்தவள். முகத்தை நம்பியதுதான் தப்பு என்று யோசிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வேறு வழி தெரியாமல், அன்றுதான் முதல் தடவையாகச் செடிகளிடம் நேராகக் கேட்டாள்.

"உங்கள்ல யாரு கடுகு?"

"நான்தான்" என்றாள் அக்கா. பிறகு தங்கை வாயைத் திறப்பதற்குள், "இங்கே இருக்கிறது எல்லாமே கடுகுதான் தாயி. வேற யாரும் இல்லை" என்றாள்.

"பொய் சொல்லுதே. வீட்டம்மா கடிச்சுப் பாத்துட்டாக."

"பல்லு போன வயசுல கடிச்சா அப்பிடித்தான் இருக்கும்."

மாடத்திக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. "ஊகத்துல ஒருத்தியப் பிடுங்க எனக்குக் கை வராது. ஆனா நாளைக்கு ஏர் வந்தா நீயும் போயிருவே, உன் பக்கத்துல நிக்கிறவளும் போயிருவா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். செவலை போகவில்லை. தங்கையின் நிழலிலேயே படுத்திருந்தது.

"யக்கா" என்றாள் தங்கை. "நான்னு சொல்லிரட்டுமா?"

"சொன்னா மட்டும்? பக்கத்துல பக்கத்துல நிக்கிறோம். எது நீ, எது நான்னு அவளுக்குத் தெரியவா போகுது? பேசாம நில்லு. அவரு கோவம் காலையில ஆறிரும்."

"ஆறலைன்னா?"

"சேந்து வந்தோம். சேந்து போவோம்."

அக்கா இதை மனசாரத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுத் தூங்கியும் போனாள். தங்கைக்குத் தூக்கம் வரவில்லை. வரப்பிலிருந்து நல்வேளை ஏதாவது குத்தலாகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தாள். அன்றைக்கு அவள்கூட மீசையை மடக்கிக்கொண்டு நின்றாள்.

கிழக்கு வெளுக்கும்போது தங்கை நாயை எழுப்பினாள்.

"செவலை. எங்க ரெண்டு பேரையும் உனக்குப் பிரிச்சுத் தெரியுமா?"

"தெரியுமே" என்றது செவலை. "மொத நாள்லேருந்தே தெரியும். அவ வாசனை வேற, உன் வாசனை வேற."

"அப்போ ஏன் மாடத்திகிட்ட சொல்லலை?"

"அவ கேக்கலை."

"கேட்டிருந்தா?"

நாய் கொஞ்ச நேரம் பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டது. "கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்" என்றது.

"இப்போ நான் கேக்குதேன். உன் நாத்தத்தை எனக்குத் தா."

செவலை சொறிவதை நிறுத்தியது. "இதையா? இதுக்குத்தானே எனக்குக் கல்லடி. நல்ல பொருளாக் கேளு."

"அதான் வேணும். மாடத்திக்கு உன் மூக்கு கிடையாது. நெருங்கி வந்தா நாறணும். தொட்டா கையில ஒட்டணும். அவ கண்ணை மூடிக்கிட்டு எடுத்தாலும் அக்கா தப்பிக்கணும்."

"உன்னைப் பிடுங்கிருவாக."

"பிடுங்கட்டும். ரெண்டு பேரும் போறதுக்கு ஒருத்தி போனாப் போதும்."

நாய் எழுந்து அவள் தண்டில் முதுகைத் தேய்த்தது. இலையை நக்கியது. எச்சில் பட்ட இடமெல்லாம் பிசுபிசுத்தது. பிறகு அடுத்த செடி, அதற்கடுத்த செடி. துண்டு முழுக்க மோந்து மோந்து, தங்கையின் ஒவ்வோர் உடம்பையும் கண்டுபிடித்து, ஒன்றைக்கூட விடாமல் தேய்த்தது. அக்காவின் மேல் ஒரு முடிகூடப் படாமல் வளைந்து வளைந்து போனது. செம்முடி உதிர்ந்து தங்கையின் தண்டிலும் இலையிலும் ஒட்டியது. பூவுக்குள்ளும் விழுந்தது. ஆறு இழை இருந்த இடத்தில் இப்போது எண்ண முடியாத இழைகள்.

வேலை முடிந்ததும் செவலை தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கியது. "முதுகு அரிப்பும் தீந்துது" என்றது. அதற்கு வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

வெயில் ஏறியதும் அக்கா விழித்தாள்.

"ஏளா, என்ன நாத்தம்?"

"நான்தான்க்கா."

அக்கா பார்த்தாள். எத்தனையோ வருஷமாகத் தன் முகத்தையே எதிரில் பார்த்துப் பழகியவள். இன்றைக்கு எதிரில் வேறொருத்தி நின்றாள். உடம்பெல்லாம் ரோமம், வெயிலில் மினுக்கும் பிசுபிசுப்பு.

"கழுவிரலாம்" என்றாள் அக்கா அவசரமாக. "ஒரு மழை பெஞ்சாப் போயிரும்."

"மார்கழியில எங்கக்கா மழை?"

"அப்போ பனி. பனி பெய்யும். நீ கொஞ்சம் குனிஞ்சு நில்லு, நான் மறைச்சுக்கிடுதேன்."

"யக்கா. நீ என்னை இத்தனை நாள் மறைச்சது போதும்."

தங்கை அக்காவைப் பார்த்தபடியே நின்றாள். பூவின் நான்கு இதழ்களும் நான்கு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவை. அவை நான்கையும் ஒரே பக்கமாக, அக்காவின் பக்கமாகத் திருப்பினாள். இருக்கிற நேரம் கொஞ்சம். அதில் வேறு பக்கம் பார்ப்பானேன்?

மாடத்தி வந்தாள். தூரத்தில் வரப்பின் அந்தப் பக்கம் ஏரையும் மாட்டையும் பார்த்துக்கொண்டேதான் வந்தாள். குனிந்து முதல் செடியைத் தொட்டாள், சுத்தமாக இருந்தது. இரண்டாவதைத் தொட்டாள், விரல் ஒட்டியது. மூக்கில் வைத்துப் பார்த்தாள். தன் நாயின் வாசனை அவளுக்குத் தெரியாதா? செவலையைத் திரும்பிப் பார்த்தாள். அது வேறெங்கோ பார்த்தது.

"நீயாளா இப்பிடிப் பண்ணிக்கிட்டே?" என்று செடியிடம் கேட்டாள்.

"ஆமா தாயி. பிடுங்கு. கொஞ்சம் மெதுவாப் பிடுங்கு, அக்கா வேரு பக்கத்துல கெடக்கு."

மாடத்தி அடித்தண்டில் கை வைத்து, மண்ணை விரலால் நெகிழ்த்தி, மெதுவாக எடுத்தாள். பிடித்த பிடியில் அகன்ற இலைகள் கிழிந்து விரல் விரலாகப் பிரிந்தன. தங்கை அதைக் கவனிக்கவில்லை. அவள் கவனம் காய்களில் இருந்தது. முற்றிய காய்கள், அசைந்தால் வெடிக்கும். ஒரு விதை இங்கே சிந்தினாலும் அடுத்த வருஷம் அக்காவின் தலைக்கு மேல் மறுபடியும் ஏர். காய்களை எல்லாம் மேல்நோக்கி நெட்டுக்குத்தாக நிமிர்த்தி, வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிடித்த இறுக்கத்தில் உள்ளே இருந்த வழவழப்பான விதைகள் சுருக்கம் விழுந்து போயின.

களையைப் பிடுங்கினால் வேர் மண்ணை உதறித்தான் போட வேண்டும். மண் இருந்தால் களை பிழைத்துக்கொள்ளும். களையெடுக்கிற யாருக்கும் கை தானாக உதறும். மாடத்தியின் கையும் ஓங்கியது. ஓங்கிய கை அப்படியே நின்றது.

உதறாமல் செடியை மண்ணோடு மடியில் போட்டுக்கொண்டாள்.

உச்சிக்கு முன்னால் துண்டு முழுக்க எடுத்து முடித்தாள். ஒரு தடவைகூடக் கை தப்பவில்லை. மடி நிறைய நிறைய வரப்பைத் தாண்டிக் கொண்டுபோய், வண்டிப் பாதையோரம், யாரும் உழாத யாரும் விதைக்காத மண்ணில் குழி பறித்து வைத்தாள். கடைசிச் செடியை எடுத்தபோது அக்கா ஒரு வார்த்தைதான் கேட்டாள்.

"எங்கே கொண்டுபோறே?"

"ரொம்பத் தூரம் இல்லை" என்றாள் மாடத்தி. "எட்டிப் பாத்தாத் தெரியும்."

பெருமாள்சாமி வந்தார். சீனியம்மாள் பத்துச் செடியில் பத்துக் காயை உடைத்துக் கடித்தார். பத்தும் காரம். பத்தாவதில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெருமாள்சாமி ஏர்க்காரனைக் கையசைத்துத் திருப்பி அனுப்பினார். பாதையோரம் நின்ற புதுச் செடிகளைப் பார்த்து, "அது என்ன?" என்றார்.

"அதுவா மொதலாளி? நாய்க்கடுகு" என்றாள் மாடத்தி. வாயில் வந்ததைச் சொன்னாள். அதுவே நிலைத்துவிட்டது.

செவலைக்கு அது வருத்தமாக இருந்தது. பாதையோரம் போய்த் தங்கையின் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "போயும் போயும் என் பேரையா வச்சாக?" என்றது.

"எனக்கு அதுக்கு முந்திப் பேரே இல்லையே" என்றாள் அவள்.

கொஞ்சம் தள்ளி நின்ற நல்வேளை தொண்டையைச் செருமிக்கொண்டாள். "இங்கேயெல்லாம் தண்ணி கெடைக்காது. பாத்துக் குடி" என்றாள். அவளுக்கு அது பெரிய உபசரிப்பு.

அந்தச் சித்திரையில் சீனியம்மாள் மறுபடியும் ஊறுகாய் போட்டார். ஆனியில் துணியை அவிழ்த்தபோது வடிவின் மடியில் கைக்குழந்தை இருந்தது. ஊறுகாய் கெடவில்லை. அதன் காரம் யாரால் காப்பாற்றப்பட்டது என்று அந்த வீட்டில் யாரும் பேசிக்கொள்ளவில்லை.

அன்று முதல்தான் களையெடுக்கிற பெண்கள் சந்தேகம் வந்தால் கண்ணை நம்பாமல் விரலால் தொட்டுப் பார்க்கிறார்கள். நாய்க்கடுகு விரலில் ஒட்டிக்கொண்டு, நான்தான் என்று முந்திச் சொல்லிவிடுகிறது. அன்று முதல்தான் அது விதைத்த நிலத்துக்குள் இடம் கேட்காமல் பாதையோரத்தில், நாலு இதழையும் ஒரே பக்கம் திருப்பி, காயை நிமிர்த்திப் பிடித்தபடி, வரப்புக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.